ஐபிவி6 எத்தனை நொடியில் சாகிறது? மாற்றத்தின்போது எதிர்ப்பட்ட கோளாறுகள் (வலை நிர்வாகிகளின் உரையாடல்; ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

இரவுப்பணி

பழைய ஐபிவி4உம் புதிய ஐபிவி6உம் (இணைய முகவரி நெறிமுறையின் இரண்டு பதிப்புகள்) சேர்ந்து ஓடுகிற வலையில் "ஐபிவி6 வேலை செய்யல" என்று மட்டும் சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எவ்வளவு நேரம் ஓடிவிட்டு நின்றது என்று குறித்து வையுங்கள். பாதிக் கோளாறுகளுக்கு அந்த நேரமே அடையாளம்.

முதலில் அரை மணிக் கணக்கு. சாதனம் வலையில் சேர்ந்ததும் நன்றாக ஓடும். 30 நிமிடத்தில் வெளியுலகம் போய்விடும், ஆனால் முகவரி அப்படியே இருக்கும். முகவரி கொடுக்கும் டிஹெச்சிபிவி6 சேவை, வெளியுலகுக்கு வாசலான ரவுட்டர் எது என்கிற டீஃபால்ட் கேட்வேயைத் தராது. அது ரவுட்டர் அனுப்பும் ஆர்ஏ (ரவுட்டர் அட்வர்டைஸ்மென்ட்) அறிவிப்பில் மட்டும்தான் வரும். அந்த அறிவிப்பின் ஆயுள் வழக்கமாக 1800 நொடி. சேரும்போது கேட்டு வாங்கிய முதல் ஆர்ஏ வந்திருக்கும், அதற்குப் பிறகு மல்டிகாஸ்ட்டில் (ஒரே நேரத்தில் பலருக்கு) வருகிற ஆர்ஏக்களை ஆக்சஸ் பாயின்ட்டோ சுவிட்ச்சோ விழுங்கியிருக்கும்.

இயங்குதளத்தின் மையமான கெர்னலே ஆர்ஏ வாங்குகிற லினக்ஸில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஐபிவி6 ரூட் (பாதை) பட்டியலில் டீஃபால்ட் வரியின் ஓரத்தில் ஆயுள் எண் இறங்கிக்கொண்டே வரும். ஆர்ஏ வந்தால் மறுபடி 1800க்கு ஏறும். ஏறாமல் இறங்கிக்கொண்டே போனால் ரவுட்டரைத் திட்டாதீர்கள், நடுவில் இருப்பதைப் பாருங்கள்.

பாக்கெட் பொறுக்கி

இதே அறிகுறி அரை மணி காத்திருக்காமல் அந்த நொடியே வந்தால் காரணம் வேறு. லினக்ஸ் சர்வரில் ஐபிவி6 ஃபார்வர்டிங்கை (பிறர் பாக்கெட்டுகளைக் கடத்திவிடுவதை) யாரோ இயக்கியிருப்பார்கள். பெரும்பாலும் அந்த "யாரோ" ஐபிவி6 ஆதரவோடு புதிதாக நிறுவிய கன்டெய்னர் மென்பொருள். ஃபார்வர்டிங் வந்ததும் கெர்னல் தன்னை ரவுட்டராக எண்ணிக்கொள்ளும், ஆர்ஏ மூலம் கற்ற டீஃபால்ட் ரூட்டைத் தூக்கி எறிந்துவிடும். முகவரி மட்டும் மிச்சம் இருக்கும். "அக்செப்ட் ஆர்ஏ" அமைப்பு 1 என்றால் ஃபார்வர்டிங் இல்லாதபோது மட்டும் ஆர்ஏவை ஏற்கும். 2 என்றால் எப்போதும் ஏற்கும். வெளியே போகிற நெட்வொர்க் கார்டுக்கு மட்டும் 2 வையுங்கள், எல்லாவற்றுக்கும் வேண்டாம். சர்வர் என்றால் கேட்வேயைக் கையால் எழுதி வைப்பது இன்னும் நல்லது. ரவுட்டரின் எஃப்இ80இல் தொடங்கும் (அந்த ஒரு இணைப்பில் மட்டும் செல்லும்) முகவரியைக் கார்டு பெயரோடு சேர்த்து எழுத வேண்டும். கார்டு பெயரை விட்டால் அது எந்தக் கம்பியில் இருக்கிறது என்று கெர்னலுக்குத் தெரியாது.

பழைய சுவிட்ச்

நாலு நிமிடம் 20 நொடிக் கணக்கு ஒன்று இருக்கிறது, அதுதான் ஆளை அலைக்கழிப்பது. சும்மா இருக்கும் சர்வரை வெளியிலிருந்து தொட முடியாது. உள்ளே உட்கார்ந்து ஒரு பிங் அனுப்பினால் உடனே உயிர் வரும். கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி போய்விடும்.

ஐபிவி6இல் ஏஆர்பி (ஐபிவி4இல் பக்கத்துச் சாதனத்தைத் தேடும் முறை) கிடையாது. பக்கத்துச் சாதனத்தைத் தேடும் கேள்வி, அந்த முகவரியின் கடைசி 24 பிட்டிலிருந்து உருவாகும் ஒரு மல்டிகாஸ்ட் குழுவுக்குப் போகும். சுவிட்ச்சில் எம்எல்டி ஸ்னூப்பிங் (மல்டிகாஸ்ட் குழுப் பதிவுகளைக் கவனிக்கும் வசதி) இருந்தால், குழுவில் யார் எந்தப் போர்ட்டில் என்று அது பட்டியல் வைத்திருக்கும். 125 நொடிக்கு ஒருமுறை "யாராவது இருக்கிறீர்களா" என்று கேட்க வலையில் ஒரு குவெரியர் வேண்டும். அது இல்லையென்றால் யாரும் மறுபடி பதிவு செய்ய மாட்டார்கள். 260 நொடியில் பட்டியல் காலாவதியாகும், தேடும் கேள்வி அந்தப் போர்ட்டுக்குப் போகாது. உள்ளிருந்து பிங் அனுப்பினால் ரவுட்டர் அந்தச் சாதனத்தின் மேக் (வன்பொருள்) முகவரியைத் தானாகக் கற்றுக்கொள்கிறது, அதனால்தான் அந்தத் தற்காலிக உயிர்.

ஒவ்வொரு விலேனிலும் (சுவிட்ச்சில் பிரித்த தனி வலை) ஒரு சுவிட்ச்சிலாவது குவெரியரை இயக்குங்கள். சின்ன வலை என்றால் ஸ்னூப்பிங்கையே அணைத்துவிடலாம், குறையொன்றும் வராது.

விர்ச்சுவல் மெஷினில் இதற்கு ஒரு தம்பி உண்டு. வரும் பாக்கெட்டுகளை எல்லாம் வாங்கிப் பார்க்கும் டிசிபிடம்ப் நிரலை ஓட்டினால் சரியாகிவிடும், நிறுத்தினால் போய்விடும். கார்டின் மல்டிகாஸ்ட் வடிகட்டிதான் அங்கே குற்றவாளி. பார்க்கிற வரைக்கும் ஒழுங்காக இருக்கும் கோளாறு!

பாக்கெட் பொறுக்கி

நேரத்தை வைத்துப் பிடிக்க முடியாத ஒன்று: இணைப்பு கிடைக்கும், ஆனால் பக்கம் பாதியில் தொங்கும். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வரில் நுழைவது) உள்ளே விடும், நீளமான பட்டியல் கேட்டால் உறைந்துவிடும். சின்னப் பாக்கெட் போகிறது, பெரியது போகவில்லை என்று அர்த்தம். ஐபிவி6இல் நடுவழி ரவுட்டர் பாக்கெட்டைத் துண்டாக்காது. "பெரிதாக இருக்கிறது" என்று ஐசிஎம்பிவி6 (வலையின் பிழை, சோதனைச் செய்திகள்) வகை 2 செய்தியை அனுப்பிவிட்டுப் பாக்கெட்டைப் போட்டுவிடும். "ஐசிஎம்பி ஆபத்து" என்ற பழைய பழக்கத்தில் எவரோ ஃபயர்வாலில் எல்லாவற்றையும் மூடியிருந்தால் அந்தச் செய்தி அனுப்பியவருக்கு எட்டாது.

சோதனை எளிது. துண்டாக்கத் தடை போட்டு 1452 பைட் பிங் அனுப்புங்கள். தலைப்பு 40, ஐசிஎம்பி 8 சேர்ந்து 1500. போகவில்லையா, 1444 (பிபிபிஓஇ வகை அகலப்பட்டை இணைப்பு, 1492), பிறகு 1432 (ஐபிவி4க்குள் ஐபிவி6ஐ அனுப்பும் 6இன்4 சுரங்கம், 1480), கடைசியாக 1232. கடைசியும் போகவில்லை என்றால் வேறு சிக்கல், ஏனென்றால் 1280 எல்லா ஐபிவி6 இணைப்பும் தாங்கியே ஆக வேண்டிய அளவு.

ஃபயர்வாலில் ஐசிஎம்பிவி6 வகை 1 முதல் 4 வரை (பிழைச் செய்திகள்) திறந்திருக்கட்டும். 133 முதல் 136 வரை (ரவுட்டரையும் பக்கத்துச் சாதனத்தையும் தேடுபவை) உள்வலையில் கட்டாயம் வேண்டும். டிசிபி எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் போகும் தரவின் உச்ச அளவு) 1492 பைட் இணைப்பில் 1432 ஆகக் குறைப்பது ஒட்டுவேலைதான். யூடிபிக்கு அது உதவாது.

இரவுப்பணி

இத்தனையும் ஏன் மாதக்கணக்கில் கண்ணில் படுவதில்லை என்றால், பிரவுசர் மறைத்துவிடுகிறது. முதலில் ஐபிவி6, 250 மில்லி நொடியில் பதில் இல்லையென்றால் பக்கத்திலேயே ஐபிவி4. பயன்படுத்துபவருக்கு "கொஞ்சம் மெதுவா இருக்கு" என்பதோடு சரி. ஆகவே கண்காணிப்பில் ஒவ்வொரு சேவைக்கும் இரண்டு தனிச் சோதனை வையுங்கள், ஒன்று 4ஐ மட்டும், ஒன்று 6ஐ மட்டும் கட்டாயப்படுத்தி.

வீட்டு இணைப்பில் இன்னொரு கூத்து. லைன் விழுந்து எழுந்ததும் புது முன்னொட்டு (முகவரியின் முன்பகுதி) வரும். ரவுட்டர் பழையதை மறந்துவிடும், சாதனங்கள் மறக்காது. நெறிமுறையின் இயல்பில் மொத்த ஆயுள் 30 நாள், விருப்ப ஆயுள் (புது இணைப்புக்கு அந்த முகவரியைத் தேர்ந்தெடுக்கும் காலம்) 7 நாள். பழைய முகவரியிலிருந்து கேள்வி போகும், பதில் வராது. வைஃபையை அணைத்துப் போட்டால் சரியாகும். ரவுட்டரில் மாற்ற முடிந்தால் விருப்ப ஆயுளை 2700 நொடி, மொத்த ஆயுளை 5400 நொடி ஆக்குங்கள். பிரிண்டர், என்ஏஎஸ் (வலைச் சேமிப்புப் பெட்டி) போன்ற உள்வலைச் சாமான்களுக்கு எஃப்டியில் தொடங்கும் யூஎல்ஏ (உள்வலைக்கு மட்டுமான) முகவரி ஒன்றைக் கூடவே கொடுத்துவிடுங்கள், லைன் விழுந்தாலும் அது மாறாது.

மெயில்காரர்

சர்வர் பக்கம் நான் சேர்க்கிறேன். யாரும் கேட்காமலே மெயில் சர்வருக்கு ஆர்ஏ வழியாக ஐபிவி6 முகவரி கிடைத்துவிடும். அடுத்த நிமிடமே அஞ்சல் அதன் வழியாகப் போகத் தொடங்கும், பிடிஆர் பதிவு (முகவரியிலிருந்து பெயரைக் காட்டும் டிஎன்எஸ் பதிவு) இல்லாததால் எதிர்ப்பக்கம் திருப்பி அனுப்பும். சிலருக்குப் போகிறது, சிலருக்குப் போகவில்லை என்று புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள். வெளியே அனுப்ப ஒரே நிலையான முகவரியைக் கட்டுங்கள், அதற்கு 32 தனி எழுத்துகளாகத் தலைகீழாக எழுதிய பிடிஆர் போடுங்கள், எஸ்பிஎஃப்பில் (அஞ்சல் அனுப்ப அனுமதி உள்ள முகவரிகளின் பட்டியல்) அதைச் சேருங்கள். அதுவரை மெயிலை ஐபிவி4இல் மட்டும் விடுங்கள்.

பழைய சுவிட்ச்

மெயிலோடு நிற்காது சார். லாக் அட்டவணையில் ஐபி பத்தி 15 எழுத்து என்று இருக்கும், அதை 45 ஆக்குங்கள், அல்லது 16 பைட் பைனரி. தவறான நுழைவுக்குத் தடை போடும் நிரல் ஒற்றை முகவரியைத் தடுத்துப் பயனில்லை. ஒரே சாதனம் /64க்குள் (முதல் 64 பிட் ஒன்றாக உள்ள முகவரிகள்) முகவரியை மாற்றிக்கொண்டே இருக்கும், எனவே /64ஐ மொத்தமாக எண்ண வேண்டும். லினக்ஸ் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் எழுதிய விதி எதுவும் ஐபிவி6ஐத் தொடாது, அதற்கு ஐபி6டேபிள்ஸ் தனி. அதற்குப் பின் வந்த என்எஃப்டேபிள்ஸில் "ஐநெட்" அட்டவணை இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் டிஎன்எஸ்ஸில் ஏஏஏஏ பதிவு (பெயருக்கு ஐபிவி6 முகவரி தருவது). டிடிஎல் (பதிவை மற்றவர்கள் நினைவில் வைக்கும் நொடிகள்) 300 வைத்துப் போடுங்கள், கோளாறு என்றால் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். நேரே 86400 வைத்துப் போட்டால் ஒரு நாள் முழுக்க போன் அடித்துக்கொண்டே இருக்கும்.