மறு: மைலேஜுக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

‘மைலேஜ்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற இந்த இழையில் இதுவரை வந்து விழுந்தவை: எரிபொருள் திறன், வினைத்திறன், எரிபொருள் சிக்கனம், லிட்டரோட்டம், எரியோட்டம். ‘மைலேஜே இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று ஒருவர். அவருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

> மைலேஜ் என்றால் எல்லாருக்கும் புரிகிறது. எதற்கு இந்த வீண் வேலை?

பேச்சில் அது இருக்கட்டும் ஐயா, யாரும் பிடுங்கப் போவதில்லை. கையேட்டிலும் பாடநூலிலும்தான் சிக்கல். அமெரிக்கர் ஒரு கேலனுக்கு எத்தனை மைல் என்கிறார். நாம் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்கிறோம். ஐரோப்பாவில் அப்படியே தலைகீழ்: 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர். கேலனாவது ஒன்றா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். பிரிட்டனில் கேலனுக்கு 50 மைல் காட்டும் கார், ஒரு மாற்றமும் இல்லாமல் அமெரிக்கக் கணக்கில் 42-ஐக்கூடத் தொடாது. இத்தனையையும் ‘மைலேஜ்’ என்று ஒரே பையில் போட்டால் மொழிபெயர்க்கிறவர் எந்த எண்ணை எழுதுவார்?

> எரிபொருள் திறன் ஏற்கெனவே நாளிதழ்களில் வருகிறது.

வருகிறது. ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘திறன்’ என்பது வாட் கணக்கில் அளக்கப்படுவது. அதையே இலங்கையில் ‘வலு’ என்பார்கள். பத்தாம் வகுப்பு மாணவர் எரிபொருள் திறன் என்பதைப் பார்த்தால் பெட்ரோலின் வாட் எவ்வளவு என்றுதான் யோசிப்பார். யாழ்ப்பாண நண்பர் சொன்ன ‘வினைத்திறன்’ இந்தக் குழப்பத்திலிருந்து தப்பிக்கிறது. ஆனால் வினைத்திறன் (efficiency) என்பது, போட்ட ஆற்றலில் எவ்வளவு வேலையாகிறது என்று விழுக்காட்டில் வரும், அலகு இல்லாத எண். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்பதற்கு அலகு உண்டு. எஞ்சின் அதேதான் என்றாலும் மேலே கூரைச்சட்டம் கட்டி மூட்டை ஏற்றினால் 18 என்பது 15 ஆகும். எஞ்சினின் வினைத்திறனா குறைந்தது? வண்டி இழுக்க வேண்டிய சுமையும் காற்றின் எதிர்ப்பும்தான் கூடின.

லிட்டரோட்டம் எனக்கும் பிடித்தது, சொல்ல அழகாக இருக்கிறது. ஆனால் சிஎன்ஜி கிலோ கணக்கில் விற்கிறது, மின்சாரக் கார் யூனிட் கணக்கில் ஓடுகிறது. பெட்ரோலிலேயே இப்போது ஒரு லிட்டர் இன்னொரு லிட்டருக்குச் சமம் இல்லை. எத்தனாலில் லிட்டருக்குள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். ஆக 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20-யில், கலக்காத பெட்ரோலைவிட லிட்டருக்குச் சுமார் 7 விழுக்காடு ஆற்றல் குறைவு. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையும், எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்குச் சரிசெய்த கார்களில் இ20 ஊற்றினால் மைலேஜ் 6–7 விழுக்காடு குறையும் என்றே மதிப்பிட்டது. அளவையின் பெயருக்குள்ளேயே லிட்டரைப் பூட்டி வைக்க வேண்டாம்.

எரியோட்டம்? மின்னோட்டம், இரத்த ஓட்டம் என்று பழகிய காதுக்கு அது எரிபொருள் குழாயில் பாய்வதாகக் கேட்கும்.

சரி, என் முன்மொழிவு. நாம் அளப்பது இரண்டு வேறு அளவைகள். எனவே இரண்டு சொற்கள்.

தருதொலைவு: ஒரு அலகு எரிபொருளுக்கு வண்டி தரும் தொலைவு. ‘லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?’ என்றுதானே தெருவில் கேட்கிறோம்? அந்தக் ‘குடுக்குது’தான் இந்தத் ‘தரு’. வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது.

எரிசெலவு: குறிப்பிட்ட தொலைவுக்கு எரியும் அளவு. செலவு என்றால் பணம் என்று நினைத்துவிடுவார்களே என்று ஒரு தயக்கம் வரலாம். 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் செலவு என்று அலகோடு எழுதும்போது அந்தக் குழப்பம் வராது. போதாததற்கு, சங்கத் தமிழில் செலவு என்றாலே பயணம்; அகத்துறையில் ‘செலவழுங்கல்’ (தலைவன் பயணத்தைத் தவிர்ப்பது) உண்டல்லவா? மின்சாரக் காருக்கு ‘மின்செலவு’ என்று மாற்றிக்கொண்டால் போதும்.

> இரண்டும் ஒரே எண்ணின் தலைகீழ்தானே? ஒன்று போதாதா?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். கணக்கில் தலைகீழ்தான், ஆனால் மனம் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. ஒரு வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டரிலிருந்து 12-க்கு ஏறுகிறது, இன்னொன்று 20-லிருந்து 25-க்கு. எதில் அதிகம் மிச்சம்? பலரும் இரண்டாவதைக் காட்டுவார்கள். 1000 கிலோமீட்டருக்குப் போட்டுப் பாருங்கள். முதல் வண்டிக்கு 100 லிட்டர் 83.3 ஆகிறது, மிச்சம் 16.7. இரண்டாவதற்கு 50 லிட்டர் 40 ஆகிறது, மிச்சம் 10 மட்டுமே. டியூக் பல்கலைக்கழகத்தின் லாரிக், சோல் இருவரும் 2008-இல் ‘சயின்ஸ்’ இதழில் இந்த மயக்கத்தைத்தான் காட்டினார்கள். அமெரிக்காவில் 2013 மாடல் கார்களிலிருந்து கண்ணாடியில் ஒட்டும் சீட்டில் 100 மைலுக்கு எத்தனை கேலன் என்பதும் சேர்ந்திருக்கிறது.

சராசரியும் இப்படித்தான் ஏமாற்றும். நகரத்தில் 100 கிலோமீட்டர் லிட்டருக்கு 10 வீதம், நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் 20 வீதம் ஓடினால் சராசரி 15 இல்லை. 200 கிலோமீட்டருக்கு 15 லிட்டர், அதாவது 13.3. எரிசெலவில் 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர், 5 லிட்டர், சராசரி 7.5. தொலைவு சமம் என்பதால் நேரே கூட்டி வகுத்தாலே சரியாக வருகிறது.

அடுத்து, எப்படி அளந்த எண் என்பதற்கும் பெயர் வேண்டும். புனேயில் உள்ள அராய் (ARAI, வண்டிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் நிறுவனம்) சோதனையில் கார் சாலையில் ஓடுவதில்லை, உருளைகளின்மேல் ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். இதைச் ‘சான்றளவு’ என்றும் நாம் ஓட்டிப் பார்ப்பதைச் ‘சாலையளவு’ என்றும் பிரித்துவிடலாம். ‘கம்பெனிக்காரன் பொய் சொல்கிறான்’ என்ற புலம்பலில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவது.

சாலையளவுக்கு டேங்க் டு டேங்க் முறையே நம்பகமானது, ‘நிரப்புமுறை’ எனலாம். நாசில் தானாக நிற்கும்வரை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, ஓட்டி, முடிந்தால் அதே பெட்ரோல் பங்கில் அதே பம்பில் மறுபடி அதேபோல் நிரப்ப வேண்டும். சிலர் 10 லிட்டருக்கே கணக்குப் பார்த்துவிடுகிறார்கள். நிரப்புவதில் ஒரு லிட்டர் முன்பின் ஆனால் அங்கே பிழை 10 விழுக்காடு. 40 லிட்டருக்குப் பார்த்தால் அதே லிட்டர் 2.5 விழுக்காடுதான். இன்னொரு வேடிக்கை: தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு, அதனால் மீட்டர் கூடுதலாக எண்ணும். 8 மி.மீ. பள்ளம் 2 மி.மீ. ஆகும்போது சுமார் 2 விழுக்காடு ‘மைலேஜ்’ சும்மா ஏறியிருக்கும்!

‘எரிபொருள் சிக்கனம்’ என்பதைத் தூக்கிப்போட வேண்டாம். சிக்கனம் என்பது நடத்தை, அளவை இல்லை. ‘என் காரின் சிக்கனம் 18’ என்று எழுத முடியாது. எனவே ஓட்டும் முறைக்கு ‘சிக்கன ஓட்டம்’. டயரில் காற்றைச் சரியாக வைப்பது, மணிக்கு 80-ஐத் தாண்டாமல் போவது (காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது), முன்னால் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் காலை எடுத்துவிடுவது எல்லாம் இதில் அடங்கும்.

அந்தக் கடைசிச் செயலுக்குத்தான் இன்னும் சொல் கிடைக்கவில்லை. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் மிச்சம் என்ற நம்பிக்கை கார்புரேட்டர் காலத்தது. இன்றைய எஞ்சினில் கியரிலேயே வைத்து ஆக்சிலரேட்டரை விட்டால் வேகம் நன்றாகக் குறையும்வரை பெட்ரோல் அறவே நின்றுவிடுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமல் இருக்கவாவது எரிந்துகொண்டே இருக்கும். மலைப்பாதையில் எஞ்சினின் பிடியும் போய்விடும், அது ஆபத்து. ‘உருட்டல்’ என்றால் இரண்டையும் குறிக்கிறது. ‘கியருருட்டல்’, ‘வெற்றுருட்டல்’ என்று பிரித்துப் பார்த்தேன், நாக்கில் ஒட்டவில்லை. உங்கள் ஊர் ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் இதற்கு ஏதாவது சொல் வைத்திருந்தால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்