லாரி ஸ்பிரிங் பட்டையில் துளையுளி: தண்ணீரில் தோய்ப்பதா, எண்ணெயில் தோய்ப்பதா?

கேள்வி: மரவேலை ஆர்வலர், திருச்சி

வணக்கம். விடுமுறை நாட்களில் வீட்டுக்கு வேண்டிய மேசை, அலமாரி போன்றவற்றைச் செய்து பழகி வருகிறேன். இப்போது பழைய வீடொன்றில் கழற்றிய தேக்குச் சட்டங்களைக் கொண்டு கட்டில் ஒன்று செய்யத் தொடங்கியிருக்கிறேன். கால்களில் முக்கால் அங்குல அகலமும் இரண்டு அங்குல ஆழமும் உள்ள கழுந்துத் துளைகளை (இன்னொரு சட்டத்தின் முனை உள்ளே பொருந்துவதற்கான துளைகளை) வெட்ட வேண்டும். கடையில் கிடைக்கும் மெல்லிய உளியை அவ்வளவு ஆழத்தில் இறக்கி நெம்பினால் அது தாங்காது என்பதால், கனமான துளையுளி ஒன்றை நானே செய்துகொள்ளலாம் என்று எண்ணுகிறேன்.

என்னிடம் மூன்று பொருள்கள் இருக்கின்றன: லாரியின் ஸ்பிரிங் பட்டைத் துண்டு ஒன்று, தேய்ந்துபோன பெரிய தட்டை அரம் ஒன்று, பெரிய பேரிங்கின் வெளிவளையம் ஒன்று. பழைய பிரேக் டிரம்மில் காற்று ஊதி பொருத்திய சிறிய கரி உலையும் உண்டு. எங்கள் ஊர்க் கொல்லர், எதுவாக இருந்தாலும் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் போதும் என்கிறார். இணையத்தில் பார்க்கும் காணொளிகளிலோ எண்ணெயில்தான் தோய்க்க வேண்டும் என்றும், அதன் பிறகு மீண்டும் சூடேற்ற வேண்டும் என்றும் சொல்கிறார்கள். இம்மூன்றில் எது துளையுளிக்குத் தகும், எந்த முறையைப் பின்பற்றுவது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: ஹீட் ட்ரீட்மென்ட் துறையில் ஓய்வு பெற்றவர், கோவை

தம்பி, பொருளை முதலில் முடிவு செய்துவிட்டால் தண்ணீரா எண்ணெயா என்ற கேள்விக்குப் பாதி விடை தானாகவே கிடைத்துவிடும்.

நல்ல அரத்தில் கார்பன் 1.2 சதவீதம் வரை இருக்கும். அது மிகக் கூரிய விளிம்பைத் தரும். ஆனால் கொட்டாப்புளியால் ஓங்கி அடித்து நெம்பும் வேலைக்கு எளிதில் சில்லு தெறிக்கும். மலிவான அரங்களில் மேல்தோல் மட்டுமே கடினமாக இருந்து, உள்ளே சாதாரண இரும்பாக இருப்பதும் உண்டு. பேரிங் எஃகில் கார்பன் சுமார் 1 சதவீதமும் குரோமியம் சுமார் 1.5 சதவீதமும் இருக்கும்; உளிக்கு அருமையான எஃகுதான், ஆனால் வளையத்தை வெட்டி நிமிர்த்தி அடிப்பதும், அதன் வெப்பநிலையைக் கரி உலையில் சரியாகப் பிடிப்பதும் தொடக்கநிலையில் இருப்பவருக்குச் சிரமம். ஸ்பிரிங் பட்டையில் கார்பன் ஏறத்தாழ 0.5 முதல் 0.65 சதவீதம் வரைதான். அரத்தைப் போல நெடுநேரம் கூர் நிற்காது என்றாலும் அடியையும் நெம்பலையும் தாங்கும் உறுதி அதற்கு உண்டு. துளையுளிக்கு நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

பட்டையை அப்படியே வெட்டிச் சாணை பிடித்து உளியாக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். ஸ்பிரிங்காகப் பயன்படுவதற்கென்றே தொழிற்சாலையில் அதன் கடினத்தை நன்றாகக் குறைத்துத்தான் அனுப்புகிறார்கள். கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் அது 45-ஐ ஒட்டி இருக்கும். மர உளியின் விளிம்புக்கு 58-க்குக் குறையாமல் வேண்டும். ஆகவே மீண்டும் கடினப்படுத்தாமல் செய்த உளி தேக்கில் இறங்கிய சற்று நேரத்திலேயே வாய் மடங்கிவிடும்.

வேலையைத் தொடங்குமுன் பட்டையில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டுக்கணக்கில் பாரம் சுமந்த பட்டையில், குறிப்பாக நடு போல்ட் துளையைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் இருக்கலாம். துருவை நீக்கிப் பளபளப்பாக்கி, மண்ணெண்ணெயில் சில மணி நேரம் ஊறவைத்து, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்குக்கட்டிப் பொடியைப் பூசி வையுங்கள். விரிசல் இருந்தால் அதனுள் புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து பொடியில் கோடாகத் தெரியும். அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டு மீதியைப் பயன்படுத்துங்கள்.

இனி தோய்ப்பதைப் பற்றி. ஸ்பிரிங் எஃகில் சிலிக்கனும் மாங்கனீசும், சில வகைகளில் குரோமியமும் சேர்ந்திருப்பதால், சற்று மெதுவாகக் குளிர்ந்தாலே அது கடினமாகிவிடும். தண்ணீரின் வேகம் அதற்குத் தேவைக்கு அதிகம். மெல்லிய விளிம்பு ஒரு நொடியிலும் தடித்த முதுகு அதற்குப் பின்னரும் சுருங்கும்போது இரண்டுக்கும் இடையிலான இழுவிசையில் எஃகு பிளக்கிறது. சில நேரம் ‘டிங்’ என்ற ஓசையே கேட்கும். எனவே எண்ணெய்தான் பாதுகாப்பு. கடலை எண்ணெய் போதும். நான்கைந்து லிட்டரை மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் ஊற்றி, 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான எண்ணெய் இளகி, எஃகைச் சுற்றி நன்றாக ஓடும். எஞ்சின் கழிவெண்ணெயைத் தவிருங்கள். அதன் புகை நச்சுடையது. பிளாஸ்டிக் வாளியும் கூடாது, கூரைக்கடியில் செய்வதும் கூடாது. மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எண்ணெய் தீப்பற்றினால் மூடி அணையுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வெப்பநிலையை அறியக் காந்தம் ஒன்று போதும். சுமார் 770 டிகிரியில் எஃகு காந்தத்தில் ஒட்டாமல் போகும். அதற்கு மேலும் அறுபது, எழுபது டிகிரி ஏற்றி, நிறம் சீராகப் பரவும்வரை சில நிமிடங்கள் நிறுத்தித் தோயுங்கள். நிறத்தை நிழலில்தான் பார்க்க வேண்டும். வெயிலில் செம்மை மங்கலாகத் தெரிவதால் பலரும் தேவைக்கு மேல் காய்ச்சி எஃகின் மணிகளை, அதாவது அதனுள் இருக்கும் நுண்படிகங்களை, பருமனாக்கிவிடுகிறார்கள். ஓரத்தில் வெட்டிய சிறு துண்டை முதலில் தோய்த்து உடைத்துப் பாருங்கள்: உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் நுண்மையாக இருந்தால் சரி, சர்க்கரை போல மினுமினுத்தால் சூடு அதிகம்.

பதில்: பட்டறை வைத்திருப்பவர், சிவகங்கை

கோவை ஐயா சொன்னதில் பெரும்பாலானவற்றை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊர்க் கொல்லர் சொல்வதை அறியாமை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் திருப்பாச்சேத்தி அரிவாள் பேர் பெற்றது. இந்தப் பகுதிப் பட்டறைகளில் லாரிப் பட்டைதான் நெடுங்காலமாக மூலப்பொருள், தோய்ச்சலும் பெரும்பாலும் தண்ணீரில்தான். எல்லாம் பிளந்துபோயிருந்தால் யாரும் இந்தத் தொழிலை நடத்தியிருக்க முடியாது.

வேறுபாடு தோய்க்கும் விதத்தில் இருக்கிறது. நாங்கள் முழுப் பொருளையும் தண்ணீருக்குள் போடுவதில்லை. வாய்ப்பக்கத்தில் ஓர் அங்குலத்தை மட்டும் இறக்கி, நீர்க்கோடு ஒரே இடத்தில் நிற்காதபடி மேலும் கீழும் அசைத்து, வாய் கறுத்தவுடன் வெளியே எடுத்துவிடுவோம். முதுகில் இன்னும் நெருப்பு இருக்கும். உடனே செங்கல் துண்டால் வாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால், முதுகின் சூடு வாயை நோக்கி இறங்கி வருவது நிறமாகத் தெரியும்: முதலில் வெளிர் மஞ்சள், பிறகு அடர்மஞ்சள், பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். வேண்டிய நிறம் வாய்க்கு வந்ததும் முழுதாகத் தோய்த்து நிறுத்திவிடுவோம். மர உளிக்கு அடர்மஞ்சள். இரும்பை வெட்டும் உளிக்கு ஊதா.

காணொளிகளில் தோய்ப்பது ஒரு வேலையாகவும் மறுபடி சூடேற்றுவது இன்னொரு வேலையாகவும் காட்டப்படுகின்றன. எங்கள் முறையில் இரண்டும் ஒரே சூட்டில் முடிந்துவிடுகின்றன. நெருப்பு உள்ளே மிச்சமிருக்கும்போதே தண்ணீரைவிட்டு எடுத்துவிடுவதால்தான் பிளப்பதும் குறைகிறது. கொல்லர் “தண்ணீரில் தோய்த்தால் போதும்” என்று சொன்னபோது இந்தக் கைவேலையையும் சேர்த்தேதான் சொல்லியிருப்பார். அதை அறியாமல் நீங்கள் முழு உளியையும் குளிர்ந்த தண்ணீரில் போட்டீர்களானால் கோவை ஐயா சொன்ன ஓசையைக் கேட்க நேரும்.

புதியவருக்கு எண்ணெய்தான் எளிது என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. நிறம் ஓடுவது சில நொடிக் கணக்கு. கண் பழகாதவர் அடர்மஞ்சளைத் தவறவிட்டு நீலத்தில்தான் நிறுத்துவார்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. எண்ணெயிலேயே தோய்க்கிறேன். வீட்டில் கேக் சுடும் சிறிய மின் அடுப்பு ஒன்று இருக்கிறது. மறுபடி சூடேற்றுவதற்கு அது போதுமா? மேலும், பட்டை 12 மில்லிமீட்டர் கனம் இருக்கிறது. அதை அடித்து உருவாக்க வேண்டுமா, வெட்டியே எடுத்துவிடலாமா?

பதில்: ஹீட் ட்ரீட்மென்ட் துறையில் ஓய்வு பெற்றவர், கோவை

சிவகங்கை நண்பர் விளக்கியதை நானும் ஏற்கிறேன். வாயை மட்டும் தோய்த்து உள்வெப்பத்தால் பதம் தணிப்பது, அதாவது தோய்த்த எஃகை மிதமாகச் சூடேற்றி அதன் நொறுங்கும் தன்மையைக் குறைப்பது, எந்தத் தொழிற்சாலையும் குறை சொல்ல முடியாத முறை.

மின் அடுப்பு தாராளமாகப் போதும். 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, மறுமுறையும் அப்படியே செய்யுங்கள். இவ்வகை அடுப்புகளின் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். தனியாக ஒரு வெப்பமானியை உள்ளே வைத்து, உளியை மின்கம்பிக்கு நேர்முகமாக இல்லாமல் ஒரு தட்டில் மணல் பரப்பி அதில் வைத்தால் சூடு சீராக இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே உள்ளே வையுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பின் உரிமையாளர் உங்களைச் சும்மா விட மாட்டார். தோய்த்த உளியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்காதீர்கள். பதம் தணிக்காத எஃகு இருந்த இடத்திலேயே தானாக விரிசல் விடக்கூடும், தரையில் விழுந்தால் கண்ணாடியாக உடையும்.

12 மில்லிமீட்டர் கனம் துளையுளிக்கு ஏற்ற அளவு, அடித்து உருவாக்கத் தேவையில்லை. பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, வளைவை நிமிர்த்தி, உலர்ந்த சாம்பலில் புதைத்து இரவு முழுவதும் ஆறவிடுங்கள். மெதுவாக ஆறினால் எஃகு இளகி, அறுக்கவும் அரம் போடவும் இடம் கொடுக்கும். கிரைண்டரால் வெட்டி உருவத்தை முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் வாயை அப்போதே கூராக்காமல் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் விட்டுவையுங்கள். கத்தி போன்ற விளிம்பு தோய்க்கும்போது நெளியும், உலையில் அதன் மேற்பரப்பிலுள்ள கார்பனும் எரிந்துபோகும். அந்தக் கனம் பிறகு சாணையில் தேய்ந்து நல்ல எஃகு வெளிப்படுவதற்கு வேண்டும். தோய்ப்பதற்கு முன் இரண்டு மூன்று முறை செந்நிறம்வரை காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டால் மணிகள் நுண்மையாகும். தோய்க்கும்போது உளியைச் செங்குத்தாக இறக்கி, மேலும் கீழும் மட்டுமே அசையுங்கள். பக்கவாட்டில் அசைத்தால் வளைந்துவிடும்.

பதில்: தச்சர், நாகர்கோவில்

எஃகைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மரத்தைத் துளைப்பவன் என்ற முறையில் நான் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

தேக்கு வெட்டுவதற்கு மென்மையாகத் தோன்றினாலும் அதன் நாரில் மணல் போன்ற சிலிக்கா இருப்பதால் கூர் விரைவில் மழுங்கும். பழைய சட்டத்தில் தூசியும் பழைய ஆணித் துண்டுகளும் கூடவே இருக்கும். துளைக்குக் கோடு போடுமுன் காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். சாதாரண உளிக்கு 25 டிகிரிச் சாய்வு வைத்து வாயில் 30 டிகிரி தீட்டுவார்கள். துளையுளிக்கு அது போதாது. வாயில் 35 டிகிரி வரை வையுங்கள், நெம்பும்போது தெறிக்காது. சாணை பிடிக்கும்போது கையுறை வேண்டாம். விரல் பொறுக்காத சூடு வந்தவுடன் தண்ணீரில் நனையுங்கள். வாயில் நீலம் தெரிந்துவிட்டால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது என்று பொருள், நீலம் தெரிந்த பகுதி தீரும்வரை தேய்த்துவிட்டுப் புதிதாகத் தீட்டத்தான் வேண்டும்.

கைப்பிடிக்குள் செருகும் காம்பைத் தோய்க்காமல் விடுங்கள். அது கடினமாக இருந்தால், காம்பும் உளியும் சேரும் தோள்பட்டையில்தான் முதலில் முறியும். தோள்பட்டை மூலையை வெட்டும்போதும் செங்கோணமாக விடாமல் சற்று உருண்டையாக அரம் போடுங்கள். கைப்பிடிக்குக் கருவேலம் நல்லது. காம்பு நுழையும் பக்கம் மட்டுமன்றி, அடி விழும் தலைப்பக்கத்திலும் இரும்புப் பூண் போடுங்கள். உளியின் இரு பக்கங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், முதுகை நோக்கி மயிரிழை அளவு ஒடுங்கினால் இன்னும் நல்லது. அகலக் கூடவே கூடாது. அகன்றால் இரண்டு அங்குல ஆழத்தில் உளி கவ்விக்கொண்டு, வெளியே இழுக்கும்போது துளையின் ஓரம் பெயர்ந்துவரும்.