ஒப்பந்த வாக்கெடுப்பில் 'வேண்டாம்' போட்டால் ஒற்றுமை உடையுமா?

வலவன்:
அமெரிக்க விமானிகள் சங்கங்களில் தற்காலிக ஒப்பந்தம் (தலைமை நிர்வாகத்தோடு பேசி முடித்து, உறுப்பினர் ஒப்புதலுக்குக் காத்திருப்பது) வாக்குக்கு வந்தாலே ஒரு பல்லவி கிளம்பும்: "தலைமை பேசி முடித்ததைத் தள்ளினால் நிர்வாகம் நம்மைப் பிளந்துவிடும்." யுனைடெட் ஏர்லைன்ஸில் 2022 நவம்பரில் 94% பேர் தள்ளினார்கள். பிளந்ததா? 2023 மார்ச்சில் டெல்டா ஏர்லைன்ஸ் விமானிகள் கையெழுத்தானதும் 18%, நான்காண்டில் மொத்தம் 34% சம்பள உயர்வு வாங்கினார்கள். அதையே அளவுகோலாக வைத்துப் பேசிய யுனைடெட் விமானிகள், செப்டம்பரில் புது ஒப்பந்தத்தை 82% ஆதரவோடு ஏற்றார்கள்.

மூப்புப்பட்டியல்:
யுனைடெட்டை எல்லாருக்கும் பொருத்தாதீர்கள். அங்கே வாக்கு எண்ணுமுன்பே தலைமை மறுபேச்சுக்குப் போய்விட்டது. தலைமையும் உறுப்பினர்களும் ஒரே பக்கம். 2023 ஜூலையில் சரக்கு விமான நிறுவனமான ஃபெடெக்ஸைப் பாருங்கள்: 57% 'வேண்டாம்'. இரண்டு ஆண்டு கழித்தும் புது ஒப்பந்தம் வரவில்லை.

காரணம் ரயில்வே தொழிலாளர் சட்டம். பெயரில் ரயில்வே இருந்தாலும் விமான நிறுவனங்களுக்கும் அதுதான். அதன்படி ஒப்பந்தம் காலாவதியாகாது. திருத்தத்துக்கு உரிய தேதி வரும், பழைய சம்பள அட்டவணை அப்படியே ஓடும். தாமதத்தால் நிர்வாகத்துக்கு லாபம்தான். நினைத்த நேரத்தில் வேலைநிறுத்தமும் கிடையாது. தேசிய மத்தியஸ்த வாரியம் இரு தரப்பையும் மத்தியஸ்தத்திலிருந்து விடுவிக்க வேண்டும், அதன்பின் 30 நாள் காத்திருப்பு, அதற்குப் பிறகும் அமெரிக்க அதிபர் அவசரக் குழு அமைத்து வேலைநிறுத்தத்தைத் தள்ளிவைக்கலாம். ஸ்பிரிட் ஏர்லைன்ஸ் விமானிகள் 2010-ல் வேலைநிறுத்தம் செய்தார்கள், உண்மை. அப்படி நடப்பது அபூர்வம். அரியரும் தானாக வராது, அதையும் பேசித்தான் வாங்கணும். 65-ல் ஓய்வு பெறப்போகிறவருக்கு இரண்டு ஆண்டு போனால் போனதுதான்.

ரிசர்வ்_பக்கம்:
அந்த 65 வயதுக்காரர் கணக்குதான் பிரச்சினையே, சார். உதாரணத்துக்கு மணிக்கு 300 டாலர் வாங்கும் கேப்டனுக்கு 10% என்றால் 30, 100 டாலர் வாங்கும் துணை விமானிக்கு 10. ரிசர்வில் (கூப்பிட்டால் வரத் தயாராகக் காத்திருக்கும் பணி) இருப்பவருக்கோ சம்பளத்தைவிட எத்தனை மணி நேரத்தில் வந்து நிற்கணும், ஓய்வுநாளில் கூப்பிடலாமா என்பதுதான் முக்கியம். விளக்கக் கூட்டத்தில் முதல் ஸ்லைடே சம்பள அட்டவணை. பணி விதிகளுக்கு வருவதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். 57-43 என்றால் பிளவு வாக்கு நாளில் வரவில்லை, கோரிக்கைப் பட்டியல் எழுதிய அன்றே வந்துவிட்டது.

வலவன்:
இதை ஒத்துக்கொள்கிறேன். வாக்குச்சீட்டில் 'ஆம்', 'வேண்டாம்' மட்டும்தான். ஏன் என்று கேட்காது. ஒருவர் ஓய்வூதியத்துக்காகத் தள்ளியிருப்பார், ஒருவர் துணை நிறுவனங்களுக்குப் பறப்பை விடும் ஷரத்துக்காக. பேச்சுவார்த்தைக் குழு ஊகித்துப் போய் சம்பளத்தில் 1% கூட்டி வாங்கிவந்தால் மறுபடியும் தோல்விதான். முடிவு வந்த கையோடு கருத்துக்கணிப்பு எடுக்கணும்.

மூப்புப்பட்டியல்:
எடுத்தால் கசியும். மூன்றே விஷயம்தான் குறை என்று தெரிந்தால், அதில் மலிவானதைச் சரிசெய்து 51% வாங்க நிர்வாகத்துக்கு எவ்வளவு நேரமாகும்?

ரிசர்வ்_பக்கம்:
"எது வந்தால் 'ஆம்' போடுவீர்கள்" என்று கேட்டால்தான் அந்த ஆபத்து. எதை விடவே மாட்டீர்கள் என்று வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். ரிசர்வ், லைன் (முன்பே அட்டவணை தெரிந்து பறப்பவர்), கேப்டன், துணை விமானி எனத் தனித்தனியாக எண்ணுங்கள். நாலு பிரிவிலும் மேலே நிற்கும் ஷரத்தை மட்டும் மேசைக்கு எடுத்துப் போகட்டும்.