பிளாக் நேட்டிவிட்டி: மேடையில் பார்த்ததில் இன்னும் மனசில் நிற்கிற ஒரு இடம்?

பின்வரிசை:
அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் எழுதியது, இயேசு பிறப்பைக் கறுப்பினச் சபைகளோட கோஸ்பல் பாட்டில் சொல்ற நாடகம். கதை எல்லாருக்கும் தெரியும், நேரா பிரசவக் காட்சிக்கு வர்றேன். மரியாளுக்கும் யோசேப்புக்கும் வசனம் இல்லை, ரெண்டு பேரும் ஆடுறவங்க. சத்திரத்தில் இடமில்லைன்னு விரட்டின பிறகு பாட்டு நின்னுபோச்சு. கொங்கா மேளம் மட்டும். மரியாளா ஆடுற பொண்ணு வெறுங்காலோட பலகையில் முட்டி போட்டு, முதுகை வில்லா வளைக்கிறாங்க. ஒவ்வொரு வலிக்கும் அடி நெருங்குது. மேளக்காரர் கண் அந்தப் பொண்ணோட குதிகால் மேலேயே இருக்கணும், பாடகர் குழு பக்கம் திரும்பினா அடி முந்திக்கும். கடைசி வலி முடிஞ்சதும் நாலு நொடி நிசப்தம். அந்த நாலு நொடியில் அரங்கத்தில் யாரோ கைதட்டினாங்க. அதோட எல்லாம் போச்சு.

ஆல்ட்டோ:
சகோ, தட்டினதைக் குறை சொல்லாதீங்க. இது கீர்த்தனைக் கச்சேரி இல்லை, ஆராதனை. பாடுறவர் ஒரு வரி போட்டா சபை "ஆமென்" போடணும், அதுக்கு இடம் விட்டுத்தான் பாட்டே கட்டியிருக்கு. எனக்கு உறுத்துறது வேற. நாலு அடியில் நம்ம ஆளுங்க 1, 3-ல தட்டுறாங்க. ஆதி தாளத்தில் சமத்தில் தட்டிப் பழகின கை அங்கேதான் போகும். கோஸ்பலுக்கு 2, 4. தப்பான தட்டு அரங்கம் பூரா பரவிட்டா டிரம்ஸ்காரர் தடுமாறுவார், பாட்டு ஓட ஆரம்பிச்சிடும். முன்வரிசையில் உச்சக் குரல் பாடுற சோப்ரானோ ஒருத்தர் கையைத் தலைக்கு மேல தூக்கி 2, 4 காட்டினா ரெண்டு சுற்றில் சரியாயிடும். முதல் பாட்டிலேயே செய்யணும். மூணாவது பாட்டில் திருத்தவே முடியாது.

பழைய நிகழ்ச்சிநிரல்:
முதல்ல மேடையேறினது 11 டிசம்பர் 1961, நியூயார்க், 41-ஆம் தெரு தியேட்டர். இயக்கம் வினெட் கேரல். பாடினவங்க மரியன் வில்லியம்ஸ், அலெக்ஸ் பிராட்ஃபோர்ட், பிரின்சஸ் ஸ்டூவர்ட். ஆல்வின் ஏய்லியும் கார்மென் டி லாவலாடும் ஆடவேண்டியது; தலைப்பில் 'பிளாக்' வேண்டாம்னு அவங்களுக்குத் தகராறு, திறப்புக்கு முன்னாடியே விலகிட்டாங்க. அடுத்த வருஷமே இத்தாலி ஸ்போலேட்டோ விழா. பாஸ்டனில் எல்மா லூயிஸ் 1970-ல் தொடங்கி வச்சது இன்னும் வருஷா வருஷம் நடக்குது. குழந்தை பிறந்தாச்சுன்னு இடைவேளையில் எழுந்து போறாங்களே, அதுதான் தாங்கலை. ரெண்டாம் பாகம் முழுக்க இன்றைய சபை, செய்தி பரவுற பாகம். அது இல்லாட்டி பாதி நாடகம்.

பி-3:
யாரும் கேக்கலை, ஆனாலும் சொல்லிடறேன். அந்த ரெண்டாம் பாகம்தான் ஆர்கனை நம்பி நிக்குது. இடைவேளையில் யாரோ ஹாமண்ட் பி-3 மின் ஆர்கனோட பிளக்கை உருவிட்டு வெந்நீர்க் கெட்டிலைச் சொருகிட்டாங்க. திரை விலகுது, வாசிக்கிறவர் கை வைக்கிறார், சத்தமே இல்லை. திரும்ப சொருகினா உடனே பேசாது. 'ஸ்டார்ட்' சுவிட்சை 8 நொடி அழுத்திப் பிடிக்கணும், விடாமலே 'ரன்' போட்டு இன்னும் 4 நொடி, அப்புறம் ஸ்டார்ட்டை விடணும். உள்ளே இருக்கிற வால்வுக் குழாய் சூடாகிற நேரம் தனி. பதற்றத்தில் சீக்கிரம் விட்டா மோட்டார் வேகம் பிடிக்காது, முதல்ல இருந்து தொடங்கணும். பிளக் மேல டேப் ஒட்டி 'தொடாதே'ன்னு எழுதுங்க.

லெஸ்லி பெட்டி, அதாவது ஆர்கனோட சுழலும் ஒலிபெருக்கி: ஜெபத்துக்கு மெதுவு, முழக்கத்துக்கு வேகம். மேல் ஹார்ன் சட்டுனு வேகம் பிடிக்கும், கீழ் உருளை கனம், சில நொடி பின்தங்கும். அதனால் முழக்கம் வர்றதுக்கு ஒரு தாளச் சுற்று முன்னாடியே வேக சுவிட்சைத் தட்டிடணும். மைக் மேல ரெண்டு, கீழ ஒண்ணு. ஒரு சாணுக்குக் கிட்ட வச்சா ஹார்ன் கிளப்புற காத்துதான் பதிவாகும்.

சென்னையில் போடலாம்னு யாராவது அமெரிக்கப் பழைய பி-3 இறக்கினா: அதோட மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்கு ஓடுறது, நம்ம மின்சாரம் 50. சுருதி மூணு அரைஸ்வரத்துக்குக் கொஞ்சம் கூடவே இறங்கும், ஸி கட்டையை அழுத்தினா ஏ-க்கும் சற்று கீழ கேக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாத்தும், சுருதியை இல்லை. அதிர்வெண் மாற்றி வேணும். ஸ்டூல், பெடலோட 190 கிலோகிட்ட வரும், நாலு பேர் இல்லாம தொடாதீங்க. பெடல் பலகையை முதல்ல கழட்டுங்க.

தொட்டில்:
முதல் பதிவுக்கே திரும்பறேன். நிசப்தம் கெட்டதுக்குக் கைதட்டல் மட்டும் காரணமா இருக்காது. துணியில் சுத்தின பொம்மையை ஒரு கையில் பந்து மாதிரி தூக்கினா சனம் சிரிக்கும், சிரிப்பை மறைக்கத் தட்டும். பொம்மை வயித்தில் 3 கிலோ அரிசி தைச்சுடுங்க, ஆடுற பொண்ணோட தோள் தானா இறங்கும். தலைப்பக்கம் கொஞ்சம் கூடுதலா வைங்க, அப்பதான் உள்ளங்கை தேடிப்போய்த் தாங்கும். துணியை ஊக்கு குத்தாம தைச்சுடணும், ஆட்டத்தில் ஊக்கு பிரியும்.

நிஜக் குழந்தை வைக்கிற குழுவும் உண்டு. பெத்தவ பக்கத்திரையிலேயே நிக்கணும், பால் குடிச்சு அரை மணி ஆகியிருக்கணும், மேல இருந்து விழுற வெளிச்சம் முகத்தில் படக்கூடாது. அழுதா பாட்டை நிறுத்தாதீங்க. ஆர்கன்காரர் லெஸ்லியை வேகத்தில் தட்டினா அழுகை அதுக்குள்ள அமுங்கிடும்.

பி-3:
பிளக் இருந்தா.