திசைவியின் ரேடியோவுக்கு ‘அலைப்பொறி’?

வணக்கம். திசைவி (ரவுட்டர்) மென்பொருளைத் தமிழாக்கும்போது, அதற்குள் வைஃபை அலைகளை அனுப்பி வாங்கும் ‘ரேடியோ’ என்ற வன்பொருளுக்கு என்ன சொல் வைப்பது என்ற பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> புதுச்சொல் எதற்கு? ‘வானொலி’ இருக்கிறதே.

இருக்கிறது, ஆனால் இங்கே பொருந்தாது. ‘வானொலி 1 நிறுத்தப்பட்டது’ என்று திரையில் பார்த்தால், 1939-லிருந்து ஒலிபரப்பும் திருச்சி நிலையத்தையே மூடிவிட்டார்களா என்று எங்கள் ஆச்சி கேட்பார். அதோடு, இதில் ஒலி எங்கே இருக்கிறது? போவதும் வருவதும் தரவுதான்.

எனக்கு இந்தச் சொல் தேவைப்பட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் காரைக்குடிப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டில் ஓப்பன்டபிள்யூஆர்டி (திசைவிகளுக்கான திறந்த மூல இயங்குதளம்) ஏற்றிய திசைவி ஒன்றை வைத்தேன். அது முகப்பில், நான் இரண்டாங்கட்டில். நடுவில் வளவும் (நடுமுற்றம்) கனத்த சுவர்களும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை பட்டாலைக் கூடத்தைத் தாண்டவில்லை. 2.4 தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தது. சரி, உதவாத 5-ஐ நிறுத்திவிடலாம் என்று கட்டளைவரியில் ‘வைஃபை டவுன் ரேடியோ1’ என்று அடித்தேன். அந்தப் பெட்டியில் 0-தான் 5, 1 என்பது 2.4. நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிக்கொம்பை வெட்டிய கதையாகிவிட்டது. என் இணைப்பும் போயிற்று, விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த இன்னொரு வைஃபை பெயரும் கூடவே மறைந்தது. நல்லவேளை, அந்தக் கட்டளை எதையும் சேமிப்பதில்லை. முகப்புவரை நடந்துபோய் சுவிட்சை அணைத்துப் போட்டதும் எல்லாம் திரும்பின. ‘யூசிஐ’ (அமைப்புகளை மாற்றும் கட்டளை) வழியாக முடக்கி, சேமிக்கச் சொல்லும் ‘கமிட்’டும் கொடுத்திருந்தால் கரண்ட் போய் வந்தாலும் முடங்கியேதான் கிடந்திருக்கும், கேபிளைத் தேடி அலைந்திருப்பேன்.

ஆக, ரேடியோ வேறு, அதன்மேல் ஓடும் வைஃபை பெயர்கள் வேறு. ஒரே ரேடியோவில் பல பெயர்கள் ஓடலாம். அதை நிறுத்தினால் அத்தனையும் போகும். நம் சொல் வன்பொருளைத்தான் சுட்ட வேண்டும். ‘கம்பியில்லா இணைப்பு’ என்று மழுப்பினால் இந்த வித்தியாசமே தெரியாது.

> அலையி?

உலாவி, திசைவி வரிசையில் அழகாகத்தான் உட்காருகிறது. ஆனால் வேலைவெட்டி இல்லாமல் தெருத்தெருவாக அலைபவன் நினைவுக்கு வருகிறான்.

> அலைபரப்பி?

பாதிதான் சரி. அது பரப்புவது மட்டுமல்ல, கேட்கவும் செய்கிறது.

என் பரிந்துரை ‘அலைப்பொறி’. பொறி என்றால் இயந்திரம். ஐம்பொறி என்னும்போது வெளியிலிருந்து வாங்குவதும் அதுவே. 1887 வாக்கில் ஹெர்ட்ஸ் ரேடியோ அலையை எழுப்பிக் காட்டியதும் மின்பொறியால்தான். எலிப்பொறி ஞாபகம் வராதா என்று யாராவது கேட்பீர்கள். பொறியியல் கல்லூரியில் எலி பிடிக்கக் கற்றுத்தருவதாக இதுவரை யாரும் நினைக்கவில்லையே!

அப்புறம் வினைகள். தற்காலிகமானதற்கு ‘நிறுத்து’, சேமித்து வைப்பதற்கு ‘முடக்கு’ என்று பிரித்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே சொல்லால் மொழிபெயர்த்தால் என்னைப்போல் இன்னொருவர் முகப்புக்கு ஓட வேண்டியிருக்கும். மாற்றுச் சொல் இருந்தால் எழுதுங்கள்.

இப்போதைக்குப் பெட்டியின் தலையில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: ‘அலைப்பொறி 0 – 5, அலைப்பொறி 1 – 2.4’. ஆச்சி வாசித்துப் பார்த்தார். திருச்சியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.