இல்னஸ்: நோயா, பிணியா, நோக்காடா?

கூடலூர் மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். சுகாதாரப் பணியாளர்களுக்கான அரிவாள் அணுச் சோகைக் (ரத்தச் சிவப்பணு அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை நோய்) கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டாம் பாடத்தில் மாட்டிக்கொண்டேன். டிசீஸ் வேறு, இல்னஸ் வேறு என்று மருத்துவ மானிடவியலாளர் ஆர்தர் க்ளைன்மன் வழியில் பிரிக்கிறார்கள். மருத்துவர் ரத்தத்தில் காண்பது முன்னது. ஆளும் வீடும் படுகிற பாடு, அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் எல்லாம் பின்னது. இரண்டையும் 'நோய்' என்றால் பாடமே கவிழ்கிறது.

ஊட்டி தமிழாசிரியர்:
டிசீஸ் நோய், இல்னஸ் பிணி. பிணித்தல் என்றால் கட்டுதல். ஆளைக் கட்டிப்போடுவது பிணி. முடிந்தது.

கொடைக்கானல் பேராசிரியர்:
எப்படி ஐயா முடியும்? நோதலிலிருந்து வந்தது நோய். நோவது ஆள்தானே? ஆகவே இல்னஸ்தான் நோய், டிசீஸ்தான் பிணி. சங்க இலக்கியக் குறிஞ்சிப் பாட்டுகளில் தலைவி மெலிந்தால் பூசாரி வேலன் வெறியாடி, முருகு அணங்கியது, அதாவது முருகன் பிடித்துக்கொண்டான் என்பான். தோழிக்குத் தெரியும், காரணம் காதலன் மலைநாடன் என்று. ஒரே மெலிவுக்கு இரண்டு விளக்கம். க்ளைன்மன் எதற்கு?

ஊட்டி தமிழாசிரியர்:
'நோய்நாடி நோய்முதல் நாடி' என்பதில் மருத்துவர் நாடுவது தலைவியின் நோயையா? பசிப்பிணி லேபில் தெரியுமா?

குன்னூர் மருந்தாளுநர்:
1952இல் ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த அணுவைக் கண்டு எழுதினார்கள். இன்னும் 'அரிவாள்' என்றே பயமுறுத்துகிறோம். கேட்டதும் வெட்டரிவாள்தான் நினைவுக்கு வருகிறது. 'பிறையணு' எனலாமே?

கூடலூர் மொழிபெயர்ப்பாளர்:
சார், அது தனி இழை. வெள்ளிக்கிழமை!

கோத்தகிரி செவிலியர்:
பனிக்காலத்தில் எலும்பு வலி தாங்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "பனி ஏறிடுச்சு" என்கிறார்கள். சிலர் சாமிக்குக் காசு முடிந்துவைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். குளிர் இந்த வலியைக் கிளப்பும் என்பது மருத்துவமும் ஒப்புவதுதான், அதனால் அவர்கள் பேச்சைத் தள்ளாதீர்கள் என்று பணியாளருக்குச் சொல்லவே இந்தப் பாடம். அந்தத் தாயிடம் போய் 'பிணி' என்றால் விழிப்பார். 'நோக்காடு' என்றால் புரியும். அதுவும் தமிழ் பேசுகிறவர்களுக்கு. பழங்குடிகளான பணியர், முள்ளுக்குறும்பர் பேச்சில் என்ன சொல் என்று இங்கே யாருமே கேட்கவில்லை.

ஊட்டி தமிழாசிரியர்:
அம்மா, நோக்காடு பேச்சுவழக்கு. பாடநூலுக்கு ஆகாது.

கூடலூர் மொழிபெயர்ப்பாளர்:
நாலு பேர் நோக்காடு என்று தனிமடல் போட்டுவிட்டார்கள். டிசீஸ் நோய், இல்னஸ் நோக்காடு என்றே அனுப்புகிறேன். செவிலியர் அம்மா கேட்டதற்காகப் பக்க ஓரத்தில் இடம் விடச் சொல்லியிருக்கிறேன், அந்தந்த ஊர்ச் சொல்லைப் பணியாளரே எழுதிக்கொள்ளட்டும்.

கொடைக்கானல் பேராசிரியர்:
டிசீஸுக்கு 'நோய்' என்றதில் எனக்கு உடன்பாடில்லை, பதிவு செய்க. நோக்காட்டுக்கு வேர் சரி. சாக்காடு, வேக்காடு வரிசையில் 'காடு' என்னும் ஈறு பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.