ரிசீவர் தனியாக நின்றும் பந்து எதிரணியின் கைக்குப் போவது ஏன்?

கேட்டவர்: ஸ்கூக்கில் கரைவாசி

அனைவருக்கும் வணக்கம். நான் பிலடெல்ஃபியாவை ஒட்டிய புறநகர் ஒன்றில் குடியிருக்கிறேன். இலையுதிர் காலம் தொடங்கிவிட்டால் இந்த ஊரில் ஈகிள்ஸ் அணியைத் தவிர வேறு பேச்சுக்கு இடமில்லை என்பதால், அமெரிக்கக் கால்பந்தின் விதிகளைப் பார்த்துப் பார்த்தே பழகிக்கொண்டேன். நான்கு டவுன்களுக்குள் (முயற்சிகளுக்குள்) பத்து யார்டு கடக்க வேண்டும், டச்டவுனுக்கு 6 புள்ளி, ஃபீல்டு கோலுக்கு 3 புள்ளி என்ற அளவில் எனக்குக் குழப்பமில்லை.

அண்மையில் பிளேஸ்டேஷன் 5-இல் மேடன் என்எஃப்எல் 26 என்ற அமெரிக்கக் கால்பந்து வீடியோ ஆட்டத்தை ஆடத் தொடங்கியிருக்கிறேன். தொலைக்காட்சியில் பார்ப்பதைப் போலவே ஆட்டம் நடக்க வேண்டும் என்ற ஆசையால் ஆட்டப் பாணியை 'சிமுலேஷன்' என்றும், கடினநிலையை 'ஆல்-ப்ரோ' என்றும் வைத்திருக்கிறேன். என் சிக்கல் இதுதான்: பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவர் தனியாக ஓடுவது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது, உரிய பொத்தானையும் அழுத்துகிறேன், ஆனால் எங்கிருந்தோ எதிரணியின் இரண்டாம் வரிசைத் தடுப்பாளரான லைன்பேக்கர் ஒருவர் குறுக்கே வந்து பந்தைப் பிடித்துவிடுகிறார். அவசரப்படாமல் பின்வாங்கி நின்று பார்க்கலாம் என்றால், எறிவதற்குள், பந்தை எறியும் என் குவார்ட்டர்பேக்கைத் தரையில் சாய்த்துவிடுகிறார்கள். கடினநிலையை ஒரு படி குறைத்தாலோ 50 புள்ளிக்கு மேல் எடுத்துவிடுகிறேன், அதில் சுவையே இல்லை. குறை என் விரலில் இருக்கிறதா, அமைப்புகளில் இருக்கிறதா என்பதை ஆடிப் பழகியவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: நாலாவது டவுன்

வணக்கம். அந்த லைன்பேக்கர் எங்கிருந்தோ வருவதில்லை. நீங்கள் எறிவதற்கு முன்பே அவர் அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறார். உங்கள் கண் ரிசீவர்மேல் இருக்கிறது. அது இருக்க வேண்டிய இடம், குவார்ட்டர்பேக்குக்கும் ரிசீவருக்கும் நடுவே பந்து கடந்து போக வேண்டிய பாதை.

உங்களுக்கு ஆறுதலாக ஒன்று சொல்கிறேன். உங்கள் ஊர் அணி 2025 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸை 40-22 என்று வென்ற சூப்பர் பௌலில் (என்எஃப்எல் லீக்கின் இறுதிப்போட்டியில்), சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸே முதல் பாதியில் இரண்டு முறை பந்தைப் பறிகொடுத்தார். ஒன்றைக் கூப்பர் டிஜீன் பிடித்து 38 யார்டு ஓடி டச்டவுனாக்கினார். மற்றொன்றைப் பிடித்தவர் ஸாக் பான், அவர் ஒரு லைன்பேக்கர். அன்று ஈகிள்ஸ் ஒரு முறைகூட 'பிளிட்ஸ்' (பின்னால் நிற்பவர்களையும் குவார்ட்டர்பேக்மீது ஏவுவது) செய்யாமல், பெரும்பாலும் முன்வரிசை நால்வரை மட்டுமே குவார்ட்டர்பேக்மீது ஏவியது. நால்வர் பாய்ந்தால் மீதி எழுவர் பின்னால் காவல் நிற்கிறார்கள். பந்தைப் பிடிக்கத் தகுதியுள்ள உங்கள் ஆட்களோ ஐவர்தான். மேடனும் இதே கணக்கில்தான் இயங்குகிறது.

ஆகவே வேலை ஸ்நாப்புக்கு (பந்து குவார்ட்டர்பேக்கின் கைக்கு வரும் தொடக்கக் கணத்துக்கு) முன்பே தொடங்குகிறது. பந்துவீச்சாளர் ஓடிவருவதற்கு முன் களத்தடுப்பாளர்கள் எங்கெங்கே நிற்கிறார்கள் என்று மட்டையாளர் ஒரு சுற்றுப் பார்த்துக்கொள்வதைப் போல, நீங்களும் முதலில் எதிரணியில் எல்லாருக்கும் பின்னால், ஆழத்தில் நிற்கும் காவலாளிகளான சேஃப்டிகளை எண்ணுங்கள். நடுவில் ஒருவர் மட்டும் ஆழமாக நின்றால் பெரும்பாலும் ஆழத்தை மூவர் பங்கிட்டுக் காக்கும் 'கவர் 3' அல்லது ஆளுக்கு ஆள் காவலான 'கவர் 1'; இருவர் பிரிந்து நின்றால் ஆழத்தை இருவர் காக்கும் 'கவர் 2' அல்லது நால்வர் காக்கும் 'கவர் 4'. ஆளுக்கு ஆள் காவலா, ஆளுக்கு ஓர் இடம் என்ற காவலா என்று ஐயம் வந்தால், ஒரு ரிசீவரை ஸ்நாப்புக்கு முன் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு நகர்த்திப் பாருங்கள். அவரைத் தொடர்ந்து ஒரு காவலாளி மைதானத்தின் குறுக்கே நடந்து வந்தால் அது ஆளுக்கு ஆள். யாரும் வராமல் எல்லாரும் தத்தம் இடத்தில் சற்றே அசைந்துகொண்டால் அது 'ஸோன்'.

ஒரு காட்சியைச் சொன்னால் எளிதாக விளங்கும். எதிரணி கவர் 3-இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 'ஃபிளட்' வகைப் பிளே (முன்பே வகுத்த ஆட்டத்திட்டம்) ஒன்றைத் தேர்ந்திருக்கிறீர்கள். வலப்பக்கத்தில் ஒருவர் நேராக ஆழத்திற்கு ஓடுகிறார், இரண்டாமவர் ஏறத்தாழ 12 யார்டில் வெளிக்கோட்டை நோக்கித் திரும்புகிறார், மூன்றாமவர் 3 யார்டுக்குள்ளேயே ஓரத்திற்கு நழுவுகிறார். ஆழத்திற்கு ஓடுபவர், ஓரத்தைக் காக்கும் கார்னர்பேக்கைத் தன்னோடு இழுத்துச் சென்றுவிடுவார். இப்போது அந்த ஓரத்தில் கீழே காவல் நிற்கும் ஒரே ஆளை மட்டும் கவனியுங்கள். அவர் 12 யார்டு ஆளை நோக்கிப் பின்வாங்கினால் 3 யார்டு ஆளுக்கு எறியுங்கள். முன்னே பாய்ந்தால் அவர் தலைக்குப் பின்னால் இருப்பவருக்கு எறியுங்கள். மூன்று ரிசீவர்களையும் மாறி மாறிப் பார்த்துத் திணற வேண்டியதில்லை, ஒரு காவலாளியின் கால்கள் போகும் திசையைப் பார்த்தாலே போதும்.

அடுத்தது எறியும் முறை. பொத்தானைத் தட்டிவிட்டு விட்டால் பந்து உயர்ந்து மிதந்து போகும். அழுத்திப் பிடித்தால் தாழ்வாக, வேகமாகப் போகும். லைன்பேக்கரின் தலைக்கு மேலாகப் போக வேண்டிய பந்தை அழுத்திப் பிடித்து எறிந்தால் அது அவர் கையில்தான் விழும். ஸ்லான்ட் போன்ற குறுக்கோட்டத்திற்குத் தட்டிவிட்டு எறிந்தால், பந்து மிதந்து வருவதற்குள் எல்லாரும் அங்கே கூடிவிடுவார்கள். எறியும் கணத்தில் இடது ஸ்டிக்கைச் சாய்க்கும் பக்கமாகப் பந்தும் சற்று விலகிப் போகும் என்பதால், காவலாளி இல்லாத பக்கத்தில் பந்தைப் போடப் பழகிக்கொள்ளுங்கள்.

பின்வாங்கி நிற்பதைப் பற்றி: ஸ்நாப்புக்குப் பின் ஏழெட்டு யார்டுக்கு மேல் பின்னால் போகாதீர்கள். உங்கள் முன்வரிசையின் இரு ஓரங்களிலும் நிற்கும் டாக்கிள்கள் பாய்ந்து வருபவர்களைச் சுற்றி விலக்கி அனுப்புவது, நீங்கள் அந்த ஆழத்தில் நிற்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான். பதினைந்து யார்டு பின்னால் ஓடினால், விலகிப் போனவர் வளைந்து நேராக உங்கள் மடிக்கே வந்து சேருவார். நெருக்கடி வந்தால் முன்னோக்கி அரை அடி வைத்துப் பாக்கெட்டுக்குள் (உங்கள் முன்வரிசை அமைக்கும் காப்பு வளையத்துக்குள்) ஏறுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் வலது ஸ்டிக்கை உள்ளே அழுத்திப் பந்தை மைதானத்திற்கு வெளியே எறிந்துவிடுங்கள்.

மறுமொழி: பழைய கார்ட்ரிட்ஜ்

மேலே நண்பர் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் கேட்டவர் அமைப்புகளைப் பற்றியும் கேட்டிருக்கிறார், அதை யாரும் தொடவில்லை.

உண்மையான என்எஃப்எல் ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஏறத்தாழ 60 முதல் 65 பிளேக்கள்தான் கிடைக்கின்றன. ஒவ்வொரு பிளேக்கும் இடையே 40 வினாடி வரை கடிகாரம் ஓடுவதே அதற்குக் காரணம். நாமோ சில வினாடிகளில் பிளேயைத் தேர்ந்துவிடுகிறோம். ஆகவே 'நிஜம் போல' என்று எண்ணிக் குவார்ட்டரை 15 நிமிடமாக வைத்துவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டால், பிளேக்களின் எண்ணிக்கை எகிறி, புள்ளிக்கணக்கும் கூடைப்பந்துக் கணக்காகிவிடும். உங்கள் 50 புள்ளிக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். குவார்ட்டரை 10 அல்லது 11 நிமிடமாக வைத்து, 'அக்சலரேட்டட் கிளாக்' வசதியை இயக்கி, பிளே கடிகாரம் 20 வினாடிக்கு இறங்கும்படி அமையுங்கள். அப்போது பிளேக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய நிஜத்திற்கு வந்து நிற்கும். நான்காவது குவார்ட்டரில் டைம்-அவுட்டைச் சேமித்து வைத்தவருக்கும் செலவழித்தவருக்கும் உள்ள வேறுபாடு தெரியத் தொடங்கும்.

கடினநிலையை ஏற்றி இறக்குவதைவிட, ஒவ்வொரு திறனையும் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர்களைத் தொடுவது நல்லது. அவை 0 முதல் 100 வரை, உங்களுக்கும் கணினிக்கும் தனித்தனியாக இருக்கின்றன. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் திருகினால் எது எதை மாற்றியது என்று தெரியாமல் போகும். முதலில் இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடிப்பது), பாஸ் பிளாக்கிங் (எறிபவருக்கு முன்வரிசை தரும் காப்பு) ஆகிய இரண்டை மட்டும் ஐந்து ஐந்தாக நகர்த்தி, சில ஆட்டங்கள் விட்டுப் பாருங்கள்.

நிஜம் என்ற சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவதையும் எழுதிவிடுகிறேன். 1988-இல் ஆப்பிள் II கணினிக்கு இந்த வரிசையின் முதல் ஆட்டம் வெளிவந்தபோது, அன்றைய கணினியின் வலுவுக்கு ஏற்ப அணிக்குப் பதினொருவரைவிடக் குறைவாக வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை இருந்தது. ஓக்லாந்து ரெய்டர்ஸின் பயிற்சியாளராகச் சூப்பர் பௌல் வென்றிருந்த ஜான் மேடன் அதற்கு இணங்கவில்லை. பதினொருவர் இல்லாவிட்டால் அது கால்பந்தே இல்லை என்று நின்றார், ஆட்டம் வெளிவரத் தாமதமானது. அவர் விட்டுக்கொடுத்திருந்தால் இன்று நாம் லைன்பேக்கரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

நிஜத்தை எல்லை மீறித் துரத்தியதும் உண்டு. 2005-இல் வந்த மேடன் என்எஃப்எல் 06-இல் குவார்ட்டர்பேக்கின் பார்வை ஓர் ஒளிக்கூம்பாக மைதானத்தில் விழும்; அந்தக் கூம்புக்குள் ரிசீவரைக் கொண்டுவராமல் எறிந்தால் பந்து குறி தவறும். கருத்தளவில் அது மிகச் சரியானது, கையளவில் பெருந்தொல்லை. அதற்கு முந்தைய ஆண்டு 20 டாலருக்கும் குறைவாக விற்ற போட்டி ஆட்டமான ஈஎஸ்பிஎன் என்எஃப்எல் 2கே5-ஐ இன்றும் உச்சியில் வைத்துப் பேசுபவர்களில் நானும் ஒருவன். அந்த 2004 டிசம்பரில் என்எஃப்எல் உரிமத்தை மேடனை வெளியிடும் ஈஏ நிறுவனம் தனியுரிமையாக வாங்கியதோடு அந்தப் போட்டி முடிந்துவிட்டது, அந்த வழக்கை இங்கே திறக்க மாட்டேன்.

மறுமொழி: இடது கார்டு

கவர் 2, கவர் 3 எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. முதல் அணுகுமுறையே எறிவதாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் கையில் இருப்பது ஈகிள்ஸ் அணி என்றால், அந்த ஆட்டத்தின் அட்டையிலேயே இருக்கும் சேக்வான் பார்க்லியும் உங்களிடம் இருக்கிறார். 2024 பருவத்தில் 2005 யார்டு ஓடியவர். அவரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு டவுனிலும் பந்தை வானத்தில் எறிவானேன்?

ஓட்டத்தில் எல்லாரும் இடறும் இடம் வேகப் பொத்தான். பந்து கைக்கு வந்ததும் ஆர்2-வை அழுத்தினால் பார்க்லி தன் முன்வரிசை ஆளான கார்டின் முதுகிலேயே போய் மோதுவார். பிளே தொடங்கும் கோட்டினைக் கடக்கும் வரை அழுத்தாமல், தடுப்பவர்கள் எந்தப் பக்கம் ஆளைத் தள்ளுகிறார்கள் என்று பார்த்து, இடைவெளி தெரிந்த பிறகு அழுத்துங்கள். எண்ணிக்கை இங்கேயும் உண்டு, ஆனால் எளியது: உங்கள் முன்வரிசை ஐவரும் அவர்களை ஒட்டி நிற்கும் டைட் எண்டும் சேர்ந்து ஆறு பேர்; எதிரே நெருக்கி நிற்பவர்கள் ஆறு பேர் என்றால் ஓடுங்கள், எட்டுப் பேர் என்றால் எறியுங்கள். இரண்டு மூன்று முறை ஐந்து யார்டு எடுத்துவிட்டால் அந்த லைன்பேக்கர்கள் தாமாகவே முன்னே நகரத் தொடங்குவார்கள். அதற்குப் பிறகு 'பிளே ஆக்ஷன்' (ஓடுவதுபோல் பாவனை காட்டி எறிவது) வைத்தால், நாலாவது டவுன் நண்பர் சொன்ன அந்தப் பாதை தானே திறக்கும்.

தடுப்பாட்டத்தில் சேஃப்டியைக் கையில் எடுக்காதீர்கள். அவரை ஓர் அடி தவறாக நகர்த்தினால் அது டச்டவுன். முன்வரிசை ஆள் ஒருவரை எடுத்து ஆடினால், பின்னால் நடப்பதைக் கணினி ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும்.

மறுமொழி: ஸ்கூக்கில் கரைவாசி

மூவருக்கும் நன்றி. கடிகாரத்தை மாற்றியதும் ஆட்டத்தின் நடையே மாறிவிட்டது; ஓட்டத்தில் பொறுமை காத்ததும் மூன்றாவது டவுன்கள் சிறுத்துவிட்டன. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. ஸ்நாப்புக்கு முன் இரண்டு சேஃப்டிகளைப் பார்த்துக் கவர் 2 என்று முடிவு செய்தால், சில நேரம் ஸ்நாப் ஆனதும் ஒருவர் இறங்கி வந்துவிடுகிறார். மற்றொன்று, உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் மகனும் நானும் ஒரே திரையில் எதிரெதிராக ஆடும்போது, நான் நான்காவது டவுனில் பந்தை உதைத்து அனுப்பினால் அவன் கேலி செய்கிறான். எப்போது துணிவது, எப்போது உதைப்பது?

மறுமொழி: நாலாவது டவுன்

முதலாவது, நீங்கள் தவறாகப் பார்க்கவில்லை, ஏமாற்றப்படுகிறீர்கள். இருவரை ஆழத்தில் நிறுத்திவிட்டு, ஸ்நாப் ஆன பிறகு ஒருவரை இறக்கி கவர் 3 ஆக்குவது இன்று என்எஃப்எல் எங்கும் காணும் தந்திரம். 2024 பருவத்தில் ஈகிள்ஸின் தடுப்பாட்டத்தை நடத்திய விக் ஃபாஞ்சியோ இதற்குப் பெயர் பெற்றவர். ஆகவே ஸ்நாப்புக்கு முன் எடுத்த முடிவை அனுமானமாக மட்டும் வைத்துக்கொண்டு, பந்து கைக்கு வந்த முதல் கணத்தில் சேஃப்டிகளை மீண்டும் ஒரு முறை பாருங்கள். இருவரும் பின்வாங்கினால் அனுமானம் சரி. ஒருவர் இறங்கினால், அவர் விட்டுவந்த பக்கத்தில் ஆழத்தில் கார்னர்பேக் மட்டுமே மிஞ்சியிருப்பார்.

இரண்டாவதற்கு, உதைக்கும் தூரத்தைக் கணக்கிடத் தெரிந்திருக்க வேண்டும். பந்து நிற்கும் யார்டு எண்ணோடு ஏறத்தாழ 17-ஐக் கூட்டினால் ஃபீல்டு கோலின் தூரம் வரும். மைதானத்தின் கடைசிப் பகுதியான எண்ட் ஸோனின் 10 யார்டும், பந்தைப் பிடித்து வைப்பவர் பின்னால் நிற்கும் 7 யார்டும் சேர்ந்தது அந்த 17. எதிரணியின் 35 யார்டு கோட்டில் நின்றால் 52 யார்டு, நல்ல உதைப்பவரால் இயலும். 43-இல் நின்றால் 60 யார்டு, அது சூதாட்டம். ஆனால் அங்கிருந்து பன்ட் (பந்தை எதிரணிக்குத் தொலைவாக உதைத்து அனுப்புவது) உதைத்தாலும் பந்து எண்ட் ஸோனுக்குள் போய் 20-க்குத் திரும்பிவிடக்கூடும், உங்களுக்கு லாபம் 23 யார்டுதான். எதிரணியின் 35-க்கும் 45-க்கும் இடையே, இரண்டு யார்டோ அதற்குக் குறைவோ தேவைப்பட்டால் நான் துணிவேன். உங்கள் சொந்த 30-இல் நின்றுகொண்டு நான்கு யார்டு தேவைப்பட்டால் மகன் என்ன சொன்னாலும் உதைத்துவிடுங்கள்.

ஒரே திரையில் ஆடும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்நாப்புக்கு முன் ரிசீவர்களின் ஓட்டக் கோடுகளைத் திரையில் வரவழைத்துப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவரும் அதைப் பார்ப்பார். நான்காவது டவுனுக்கென்று மூன்று பிளேக்களை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, அந்தக் கோடுகளை வரவழைக்காமலே ஆடுங்கள்.